கோழிக் கொட்டகைத் தூசிக்கு எந்த மாஸ்க் வாங்குவது?

பண்ருட்டிப் பக்கமோ பாகூர் பக்கமோ, கோழி ஏற்றி முடித்த கொட்டகையில் உமி அள்ளுகிறவர்களைப் பார்த்தால், பெரும்பாலும் தலைத்துண்டையே மூக்கைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். பண்ணைக்காரர் கொஞ்சம் அக்கறை உள்ளவராக இருந்தால் மருந்துக் கடை நீல மாஸ்க் இருக்கும். இரண்டுமே இந்த வேலைக்குப் போதாது. எதைப் போட்டால் மூச்சுக்குக் காவல், எது காசு கொடுத்தும் வீண் என்பதைத்தான் இங்கே எடை போடுகிறோம். நம் பக்கத்தில் ஆழ்கூள முறையில், அதாவது தரையில் உமி பரப்பி அதன் மேல், கம்பெனிக் கோழி வளர்ப்பதே அதிகம் என்பதால், அந்தக் கொட்டகை வேலைகளை வைத்தே இந்த மதிப்பீடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அன்றாட வேலைக்கு, தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகிற கிண்ண வடிவ என்95 அல்லது ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள எஃப்.எஃப்.பி.2. உமி அள்ளும் நாளுக்கும் மழைக்கால நெடிக்கும், மூக்கையும் வாயையும் மூடி வடிகட்டியைத் தனியாக மாட்டுகிற ரப்பர் அரைமுக மாஸ்க். காதில் மாட்டுகிற எதையும் இந்த வேலைக்கு வாங்க வேண்டாம்.

மூக்குக்குள் போவது என்ன

கொட்டகைத் தூசி வெறும் மண் இல்லை. காய்ந்த எச்சம், இறகுத் துணுக்கு, கோழித்தோல் செதில், தீவன மாவு, உமிச் சுணை, பூஞ்சை வித்து, செத்த பாக்டீரியாவின் மேலுறைத் துண்டு எல்லாம் கலந்த சரக்கு அது. கடைசியாகச் சொன்ன மேலுறைத் துண்டுக்கு எண்டோடாக்சின் என்று பெயர். நுரையீரலைச் சீண்டுவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. கண்ணுக்குத் தெரிகிற பெருந்தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், காறினால் வந்துவிடும். 10 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே உள்ளது மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. 4 மைக்ரானுக்குக் கீழே உள்ளது நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போய்விடும். மூக்குச் சளி கறுப்பாக வருவதைப் பார்த்து, "எல்லாத் தூசியும் வெளியே வந்துவிட்டது" என்று நினைப்பது தவறு. வராததுதான் கெடுதல் செய்வது.

உமி அள்ளிய அன்று மாலையோ இரவோ, 4 முதல் 8 மணி நேரம் கழித்து, குளிர் காய்ச்சலும் உடம்பு வலியும் வறட்டு இருமலும் வந்து ஓரிரு நாளில் தானே இறங்கினால், அது அளவுக்கு மீறி உள்ளே போன உயிர்த்தூசி செய்த வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். வைரல் காய்ச்சல் போலவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. டாக்டரிடம் "நேற்று கோழி எரு அள்ளினேன்" என்ற ஒரு வரியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் அவர் யூகிக்க வழியில்லை. ஆண்டுக்கணக்கில் தூசியைச் சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா, விடாத சளி இருமல், சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை அழற்சி என்று போகும். கொட்டகைக்குள் போனால் நெஞ்சு இறுகி, ஊருக்குப் போன நாளில் சரியாகிவிடுகிறது என்றால் மருந்துக் கடையோடு நிறுத்தாமல் ஜிப்மர் போல நுரையீரல் பிரிவு உள்ள மருத்துவமனையில் மூச்சுத்திறன் சோதனை செய்துகொள்வது நல்லது.

தூசி வேறு, நெடி வேறு. இந்த ஒன்று மனதில் பதிந்தால்தான் மாஸ்க் வாங்கத் தெரியும். நெடி என்பது எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா, அது வாயு. எவ்வளவு நல்ல தூசி வடிகட்டியாக இருந்தாலும் வாயு அதன் வழியே தாராளமாகப் போகும். நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை அம்மோனியாவுக்கு 8 மணி நேரச் சராசரியாக 25 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு), 15 நிமிடத்துக்கு 35 பி.பி.எம். என்று எல்லை வைத்திருந்தது. கோழிக்கும் 25-ஐத் தாண்டினால் ஆகாது. கண் எரியும், எடை ஏறாது. உள்ளே நுழைந்தவுடன் கண் கரித்து, கால் மணி நேரத்தில் "இப்போது பரவாயில்லை" என்று தோன்றினால் நெடி குறையவில்லை, மூக்கு பழகிவிட்டது என்று அர்த்தம்.

நம் கடற்கரை வட்டாரத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் காலம் உண்டு. மாசி முதல் ஆவணி வரை உமி காய்ந்து தூசி பறக்கும், கத்திரியில் உச்சம். ஐப்பசி, கார்த்திகை மழையில் படுதாவை இறக்கிவிட்டு, உமி நமுத்து, நெடி ஏறும். வெயில் காலத்துக்கு வாங்கிய மாஸ்க் மழைக் காலத்தில் உதவாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

துண்டும் நீல மாஸ்க்கும்

துண்டின் இழை இடைவெளி நுண்தூசியைவிடப் பல மடங்கு பெரியது. நனைத்துக் கட்டினால் பெருந்தூசி கொஞ்சம் ஒட்டும். நுண்தூசி போய்க்கொண்டேதான் இருக்கும், மூச்சு வேறு திணறும். நீல மாஸ்க் அறுவை அறைக்காகச் செய்தது. அதற்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 16289. போட்டவரின் எச்சில் துளி நோயாளி மேல் விழாமல் தடுப்பதே அதன் வேலை. கன்னத்தின் இரு பக்கமும் வாய் பிளந்து நிற்கும் அந்த மடிப்பு வழியாகத்தான் கொட்டகைக் காற்றில் பெரும்பங்கு உள்ளே போகிறது. மருந்துக் கடைக்காரரைக் குறை சொல்ல ஏதுமில்லை, அது இந்த வேலைக்கான பொருள் இல்லை, அவ்வளவுதான்.

காதில் மாட்டும் வெள்ளை மாஸ்க்

கொரோனாவுக்குப் பிறகு எல்லாக் கடையிலும் இருப்பது இது. கே.என்.95 என்று அச்சிட்டிருக்கும், ஐந்து அடுக்கு என்பார்கள். கே.என்.95 சீன நாட்டுத் தரம். உண்மையாகவே அந்தத் தரத்தில் செய்திருந்தால் துணி நன்றாகவே வடிகட்டும். ஆனால் முகத்தோடு ஒட்டி நிற்பதில்லை. காதுப் பட்டைக்கு இழுவிசை குறைவு. குனிந்து உமி கிளறும்போது தாடைக்குக் கீழே விலகும், பேசினால் மூக்கோரம் திறக்கும். காற்று எப்போதும் சுலபமான வழியைத் தேடும். வடிகட்டியைத் தள்ளிக்கொண்டு போவதைவிட ஓரத்து இடுக்கில் நுழைவது அதற்கு எளிது.

"கரி அடுக்கு உள்ளது, நெடி தடுக்கும்" என்று விற்கும் துணி மாஸ்க்கையும் இதே பட்டியலில் வையுங்கள். சாதாரணக் கரி அம்மோனியாவைச் சரியாகப் பிடிக்காது. அதற்கென்றே உப்பு ஏற்றிப் பதப்படுத்திய கரி வேண்டும், அதுவும் ஒரு டப்பா நிறைய வேண்டும். துணிக்குள் தடவிய கரியால் ஆகாது.

கிண்ண வடிவ என்95, எஃப்.எஃப்.பி.2

அன்றாட வேலைக்கு எங்கள் தேர்வு இது. தீவனம் போடுவது, தண்ணீர் வரிசை பார்ப்பது, செத்த கோழி பொறுக்குவது, லேசாக உமி கிளறுவது வரை போதுமானது.

என்95 என்பது அமெரிக்க நயோஷ் அமைப்பின் சான்று. பிடிக்கவே கடினமான 0.3 மைக்ரான் அளவுத் துகளில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்க வேண்டும். எஃப்.எஃப்.பி.2 என்பது நம் ஐ.எஸ். 9473 தரத்தில் வருவது; 94 சதவீதம். இரண்டுக்கும் இடையே வேலைத்தளத்தில் வித்தியாசம் தெரியாது. எஃப்.எஃப்.பி.1 80 சதவீதம்தான்; விலை குறைவு என்று அதை எடுக்காதீர்கள்.

3எம் 8210 பலருக்கும் தெரிந்தது. வால்வு இல்லாதது, உறுதியான கிண்ணம், கிடைப்பதும் எளிது. வால்வு இல்லாததால் நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே சீக்கிரம் நனைந்துவிடும். அதே நிறுவனத்தின் 8511-ல் மூச்சு வெளியேறும் வால்வு உண்டு. விலை கூடுதல், ஆனால் மதிய வேலைக்கு அந்தக் கூடுதலுக்குப் பொருள் உண்டு. வால்வு வெளியே மட்டும்தான் திறக்கும். அதனால் உள்ளே தூசி வராது. இந்திய நிறுவனங்களான வீனஸ், மேக்னம் ஆகியவற்றின் தயாரிப்புகளையும் பார்க்கலாம். பெயரைவிட, பெட்டியில் ஐ.எஸ். 9473, எஃப்.எஃப்.பி.2, உரிம எண் மூன்றும் இருக்கிறதா, பட்டை தலைக்கா காதுக்கா என்பதே முக்கியம். ஒரே நிறுவனம் இரண்டு வகைப் பட்டையிலும் விற்கும்.

போலி நிறையவே சுற்றுகிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைத் தட்டினால் நிறுவனத்தின் பெயரும் பொருளும் வர வேண்டும். நயோஷ் மாஸ்க்கில் டி.சி.-84ஏ என்று தொடங்கும் எண் மாஸ்க்கின் மேலேயோ பட்டையிலோ அச்சிட்டிருக்கும், 8210-க்கு டி.சி.-84ஏ-0007. பெட்டியில் மட்டும் இருந்து மாஸ்க்கில் இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காதுப் பட்டை வைத்து "என்95 நயோஷ்" என்று எழுதியிருந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

எத்தனை நாள் வரும்? இப்படித் தூசி அதிகமான இடத்தில் மொத்தம் 8 மணி நேர உழைப்பு என்பது மேல் எல்லை. ஒருவர் நாளுக்கு 2 மணி நேரம் உள்ளே இருந்தால் 4 நாள். ஆனால் வேர்வையில் நனைந்தாலோ, உள்பக்கம் அழுக்குப் படிந்தாலோ, கிண்ணம் நசுங்கினாலோ, பட்டை தளர்ந்தாலோ அன்றே மாற்ற வேண்டும். துவைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் வடிகட்டித் துணி, மின்னேற்றத்தால் தூசியை ஈர்ப்பது. சோப்பும் சானிடைசரும் அந்த ஏற்றத்தைப் போக்கிவிடும். பார்க்கப் புதுசு போல இருக்கும், வேலை செய்யாது. கொட்டகைத் தூணில் ஆணியில் மாட்டி வைப்பதும் கூடாது. இரவெல்லாம் உள்பக்கம் தூசி படிந்து, காலையில் அதையே மூக்கில் வைத்து அழுத்துவதாகும். பேப்பர் கவரில் போட்டு, பெயர் எழுதி, தீவன அறைக்கு வெளியே வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் அடங்கிவிடும்.

ரப்பர் அரைமுக மாஸ்க்

உமி அள்ளும் நாளுக்கு இதற்கு ஈடு இல்லை. 5000 கோழிக் கொட்டகை என்றால் ஏறக்குறைய 5000 சதுர அடி. 2 அங்குலம் உமி பரப்பினால் அதுவே 830 கன அடிக்கு மேல். அதோடு 6 வார எச்சம். அத்தனையையும் மண்வெட்டியில் அள்ளிக் கூடையில் கொட்டி வண்டியில் ஏற்றும்போது கிளம்பும் தூசி, அன்றாடத் தூசியோடு ஒப்பிடக்கூடியது இல்லை.

3எம் 6000 வரிசை எல்லோரும் எடுப்பது. 6100 சிறிய முகம், 6200 நடுத்தரம், 6300 பெரியது. கடையில் கேட்காமலே 6200 எடுத்துத் தருவார்கள். கொட்டகை வேலையில் பெண்கள் நிறையப் பேர். அவர்களில் பலருக்கு 6100தான் உட்காரும். போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். சற்றுக் கூடச் செலவு செய்ய முடிந்தால் சிலிக்கான் விளிம்புள்ள 7502 வேர்வையிலும் வழுக்காமல் நிற்கும்.

முகப்பகுதி மட்டும் வாங்கினால் ஆகாது. இரண்டு பக்கமும் திருகி மாட்டும் வடிகட்டி தனி. பெரும்பாலோர் தடுமாறும் இடம் இது.

2091 என்பது வட்டமான தட்டை வடிகட்டி, பி100 தரம், 99.97 சதவீதம் துகளைத் தடுக்கும். எடை மிகக் குறைவு. தூசிக்கு இதைவிட மேலானதைத் தேட வேண்டியதில்லை. ஆனால் அம்மோனியாவுக்குத் துளியும் உதவாது. 2097 அதே தோற்றத்தில் கரி அடுக்கோடு வரும்; அது பெயிண்ட், தின்னர் போன்ற கரிம ஆவியின் லேசான வாடைக்கு, அம்மோனியாவுக்கு இல்லை. "நெடிக்கும் சேர்த்து" என்று சொல்லி இதை விற்றால் வாங்காதீர்கள்.

6004 என்பது பச்சைப் பட்டை போட்ட டப்பா, அம்மோனியாவுக்கும் மெத்தில் அமீனுக்கும். இது வாயுவை மட்டும் பிடிக்கும்; தூசியைப் பிடிக்காது! தூசிக்காக அதன் முகத்தில் 5என்11 என்ற வட்டத் துணியை வைத்து 501 என்ற மூடியை அழுத்திப் பூட்ட வேண்டும். டப்பா மட்டும் மாட்டிக்கொண்டு உமி அள்ளினால் நெடி தெரியாது. "நல்ல மாஸ்க்" என்ற நம்பிக்கையோடு தூசியை இழுத்துக்கொண்டிருப்போம். மற்ற எல்லாத் தவறையும்விட இது ஆபத்தானது. இந்தச் சிக்கல் வேண்டாம் என்றால் 60924 இருக்கிறது: அம்மோனியா, பி100 இரண்டும் ஒரே டப்பாவில். கனமும் விலையும் கூடுதல். எங்கள் கருத்தில் உமி அள்ளும் இரண்டு பேருக்கு இதுவே நேரான வழி. வேறு நிறுவனத்தின் மாஸ்க் வாங்கினால் ஐரோப்பிய முறையில் அம்மோனியாவுக்குக் 'கே' எழுத்தும் பச்சை நிறமும், துகளுக்குப் 'பி' எழுத்தும் வெள்ளை நிறமும் இருக்கும். பச்சையும் வெள்ளையும் சேர்ந்த பட்டையாக வாங்குங்கள். ஒரு நிறுவனத்தின் டப்பாவை இன்னொரு நிறுவனத்தின் முகப்பகுதியில் மாட்டக் கூடாது. பிடித்தது போலத் தோன்றினாலும் ஓரம் கசியும்.

ஆயுள் கணக்கும் இரண்டுக்கும் வேறு. 2091-ஐ மூச்சு இழுக்கக் கடினமாகும் வரை, கிழியாமல் நனையாமல் இருக்கும் வரை வைத்துக்கொள்ளலாம். அம்மோனியா டப்பாவுக்குப் பெட்டியில் காலாவதித் தேதி உண்டு. உறையைப் பிரித்த அன்றிலிருந்தே அது காற்று ஈரத்தையும் வாயுவையும் குடித்துத் தீர்ந்துகொண்டிருக்கும். பிரித்த தேதியை டப்பாவின் மேல் பேனாவால் எழுதுங்கள். நெடி உள்ளே தெரிந்த பிறகு மாற்றலாம் என்று காத்திருக்க வேண்டாம், மூக்கு பழகிவிடும் என்று முன்பே சொன்னோம். ஒரு கொட்டகை சுத்தம் செய்து முடித்தால் அந்த ஜோடியைக் கழிப்பதே பத்திரம்.

பராமரிப்பில் ஒரே ஒரு இடம் எல்லோரையும் ஏமாற்றும். முகப்பகுதியின் நடுவில், வாய்க்கு நேரே, மூச்சு வெளியேறும் வால்வு இருக்கிறது. மெல்லிய ரப்பர் தகடு. அதன் அடியில் ஒரு இறகுத் தூவியோ உமித் துணுக்கோ சிக்கினால் தகடு மூடாது. ஒவ்வொரு மூச்சிலும் வடிகட்டாத காற்று உள்ளே வரும். ஒவ்வொரு நாளும் மூடியைக் கழற்றி, ஈரத் துணியால் தகட்டையும் அது உட்காரும் விளிம்பையும் துடைக்க வேண்டும். தகடு சுருண்டிருந்தால் புதிது மாற்ற வேண்டும்; தனியாகக் கிடைக்கும். கழுவும்போது வடிகட்டியைக் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர். 49 டிகிரிக்கு மேல் சூடு கூடாது. தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். நிழலில் காய வைக்க வேண்டும். வெயிலில் போட்டால் விளிம்பு விறைத்துவிடும்.

போடும் முறை, அதிலும் தாடி

காசு கொடுத்து வாங்கிய பொருளின் பலன் இங்கேதான் நிற்கும் அல்லது போகும். அரைமுக மாஸ்க்கோ என்95-ஓ, முகத்தில் சரியாகப் பொருந்தினால் வெளியே உள்ள தூசியில் பத்தில் ஒரு பங்குக்குள் அடக்கும் என்று கணக்கிடுவார்கள். பொருந்தாவிட்டால் இந்தக் கணக்கு கிடையாது.

கிண்ண மாஸ்க்கைக் கையில் ஏந்தி, தாடையை முதலில் உள்ளே வைத்து மூக்கின் மேல் கொண்டுவாருங்கள். மேல் பட்டை உச்சந்தலைக்குப் பின்னால், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே பிடரியில். பின்னல் போட்டவர்கள் கீழ்ப் பட்டையைப் பின்னலுக்கு அடியில் விட வேண்டும். மேலே போட்டால் நழுவும். இரண்டு பட்டையையும் ஒன்றாகக் கழுத்தில் போட்டுக்கொள்வதும், கீழ்ப் பட்டையை அறுத்து எறிவதும் நம் பண்ணைகளில் சகஜம். அப்படிப் போட்டால் தாடையோரம் திறந்தே இருக்கும். மூக்குத் தகட்டை இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூம்பு விழுந்து அந்த இடுக்கில் காற்று போகும். பிறகு இரு கையாலும் மாஸ்க்கை மூடிக்கொண்டு, வால்வு இல்லாததென்றால் பலமாக மூச்சை விடுங்கள், வால்வு உள்ளதென்றால் பலமாக இழுங்கள். கண்ணோரமோ கன்னத்திலோ காற்று பட்டால் சரிசெய்ய வேண்டும். ரப்பர் மாஸ்க்கில் வால்வு மூடியை உள்ளங்கையால் பொத்தி மெதுவாக ஊதினால் முகப்பகுதி லேசாகப் புடைக்க வேண்டும். 2091 என்றால் நடுவில் உள்ள குழியைக் கட்டைவிரலால் அழுத்தி மூச்சை இழுத்தால் உள்வாங்க வேண்டும். அரை நிமிட வேலை, ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டியது.

மீசை பரவாயில்லை, விளிம்புக்குள் அடங்கினால் போதும். தாடி கூடாது, இரண்டு நாள் முள்தாடி கூட விளிம்பைத் தூக்கிவிடும். இங்கே ஒரு உள்ளூர்ச் சிக்கல் உண்டு. சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் கார்த்திகை, மார்கழியில் சவரம் செய்வதில்லை, கொட்டகையில் நெடி ஏறுவதும் அப்போதுதான். மாலை போட்டவரைச் சவரம் செய்யச் சொல்வது முறையில்லை. அவரை அந்த நாட்களில் தண்ணீர் தொட்டி, தீவன இறக்கம், வெளி வேலை என்று மாற்றிவிடுவதே சரி. தாடியோடும் போடக்கூடிய கருவி ஒன்று உண்டு: இடுப்பில் மின்விசிறி, குழாய், தலைக்கு மேல் தளர்வான உறை. வடிகட்டிய காற்றை நிமிடத்துக்கு 170 லிட்டருக்குக் குறையாமல் உள்ளே தள்ளும், மூச்சு இழுக்கும் சிரமமே இல்லை, இருபத்தைந்தில் ஒரு பங்காகத் தூசியைக் குறைக்கும். விலை பல பத்தாயிரம். சிறு பண்ணைக்கு எட்டாது. பத்துப் பன்னிரண்டு கொட்டகை வைத்திருப்பவர், ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள ஒரு நல்ல ஆளை வேலையில் தக்கவைக்க நினைத்தால் யோசிக்கலாம்.

நெடியில் கண் எரிபவர்களுக்கு ஓரம் மூடிய கண்ணாடி தனியாக வாங்க வேண்டும். கிருமி ஒழிக்கக் கொட்டகைக்கு ஃபார்மலின் புகை போடும்போது மேலே சொன்ன எந்த மாஸ்க்கையும் நம்ப வேண்டாம். தூசி வடிகட்டி அதைத் தடுக்காது, பச்சை டப்பா அதற்கானதும் இல்லை. வாசலில் நின்று கலந்து, உடனே வெளியேறிக் கதவை மூடும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

எங்கே வாங்குவது, எவ்வளவு

கால்நடை மருந்துக் கடைகளில் பெரும்பாலும் காதுப் பட்டை வகைதான். கடலூர் சிப்காட், நெய்வேலி, புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைப் பக்கங்களில் ஆலைத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்புச் சாமான் விற்கும் இடங்களில் கேளுங்கள். "தூசி மாஸ்க்" என்று கேட்காமல் எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். இணையத்தில் வாங்கினால் விற்பவர் பெயரைப் பார்த்து வாங்கி, பெட்டியைப் பிரித்தவுடன் உரிம எண்ணைச் சரிபாருங்கள். பில் இல்லாமல் எங்கேயும் வாங்காதீர்கள். போலியைத் திருப்பித் தர அது ஒன்றுதான் பிடி.

5000 கோழிக் கொட்டகை, இரண்டு பேர் வேலை என்று வைத்துக்கொள்வோம். குஞ்சு விட்டுக் கோழி ஏற்றும் வரையான 42 நாள் பேட்சில் நாளுக்கு ஒன்று மாற்றினாலும் ஆளுக்கு 42. மூன்று நாளுக்கு ஒன்று என்றால் 14. புழுக்க மாதத்தில் 20 என்று வைத்தால் தட்டாது. அதாவது இரண்டு பேருக்கு 40, அதாவது 20 அடங்கிய பெட்டி இரண்டு. இதோடு ஆளுக்கு ஒரு ரப்பர் முகப்பகுதி, அது ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆளுக்கு ஒரு ஜோடி 2091. மழைக்காலப் பேட்சுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு ஜோடி 60924. ஆண்டுக்கு 6 பேட்ச் எடுப்பவர் தினம் ஒரு மாஸ்க் என்று போனால் ஆளுக்கு 252 ஆகும். அந்த இடத்தில் ரப்பர் மாஸ்க்கையே தினமும் போடுவது மலிவு. ஒருவர் மாஸ்க்கை இன்னொருவர் போடக் கூடாது, பெயர் எழுதி வையுங்கள்.

மாஸ்க்குக்கு முன்னால் செய்ய வேண்டியது

தூசியைக் கிளப்பாமல் இருந்தால் மாஸ்க்கின் பாரம் பாதி குறையும். உமியை ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், நெடி வரும். கையில் ஒட்டாமல் பொலபொலவென்று கொட்டினால் காய்ந்துவிட்டது, தூசி வரும். லேசாகக் கூடி உடனே உதிர்ந்தால் சரி. அது 20 முதல் 25 சதவீத ஈரம். காய்ந்த உமியைக் கிளறும் முன் ஃபாகர் என்னும் நீர்த் தெளிப்பானை ஓரிரு நிமிடம் ஓட்டிப் பனிபோல் நனைத்தால் போதும், தண்ணீர் தேங்கக் கூடாது. ஈர உமிக்குச் சுண்ணாம்பு தூவினால் அப்போதைக்கு அம்மோனியா கூடக் கிளம்பும், ஏனென்றால் சுண்ணாம்பு காரம். தூவிய கையோடு உள்ளே நிற்காதீர்கள்.

தீவன மூட்டையை உதறுவதை நிறுத்துங்கள். காலிச் சாக்கை உதறும் அந்த ஒரு நொடி முகத்துக்கு நேரே மாவு மேகம் எழும். சாக்கை உள்நோக்கிச் சுருட்டி வையுங்கள். கூரைக் கம்பியிலும் வலையிலும் படிந்த தூசியைத் துடைப்பத்தால் தட்டாமல் ஈரத் துணி கட்டிய கோலால் எடுங்கள். ஊதும் கருவி கொட்டகைக்குள் வரவே கூடாது. உமி அள்ளும் நாளில் எல்லாப் படுதாவையும் ஏற்றி, மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்த பிறகு, காற்று முதுகில் படும்படி நின்று அள்ளுங்கள். வண்டி ஓட்டுநரைத் தூசி போகும் திசையில் நிறுத்தாதீர்கள்.

கோழி பிடிக்க வருகிறவர்கள்

ஒரு பேட்சில் மிக மோசமான தூசியைச் சுவாசிக்கிறவர்கள் இவர்கள். இரவில் வருவார்கள், கோழி மிரண்டு இறக்கை அடிக்கும், 6 வார உமி மொத்தமும் காற்றில் நிற்கும். ஒரு கொட்டகை முடித்து அடுத்த ஊர் போவார்கள். வியாபாரி ஆட்கள் என்பதால் பண்ணைக்காரர் மாஸ்க் தருவதில்லை, பண்ணை வேலை என்பதால் வியாபாரியும் தருவதில்லை. ஒரு லோடுக்கு வரும் ஆட்களின் எண்ணிக்கைக்கு வால்வு உள்ள என்95 ஒன்று வீதம், பேட்ச் செலவில் எழுதித் தனியாக எடுத்து வையுங்கள். இருட்டில் ஹெட்லைட் கட்டுவார்கள். முதலில் மாஸ்க்கைப் போட்டு மூச்சைச் சோதித்துவிட்டு, அதன் மேல் பட்டைக்கு மேலே ஹெட்லைட் பட்டையைக் கட்டச் சொல்லுங்கள். முதலில் ஹெட்லைட் கட்டினால், மாஸ்க் பட்டை அதன் மேல் ஏறி நின்று, முதல் பத்துக் கோழியைத் தூக்குவதற்குள் மூக்கை விட்டு இறங்கிவிடும்.